பார்க்க வேண்டியது கப்பல்

விடியற்காலை மூன்று மணிக்கு மாமல்லபுரம் குப்பத்து மணலில் நின்றால், ஃபைபர் படகுகள் அலையைத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். நாலைந்து பேர் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். அலை பின்வாங்கும் நேரம் பார்த்து ஒருவர் மோட்டாரை இறக்குவார். படகில் வலை, ஐஸ் பெட்டி, குடிதண்ணீர், கைப்பேசி, ஒரு பேட்டரி விளக்கு. அரைமணி நேரத்தில் அந்த விளக்கு கடலில் எங்கே இருக்கிறதென்று கரையில் நிற்பவர்களுக்கே தெரியாது. அதே கடலில், இன்னும் கிழக்கே, கொழும்பிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வரும் சரக்குக் கப்பல்கள் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கப்பலின் மேல்தளத்தில் இந்நேரம் ஒருவர் கண்ணாடிக்கு அப்பால் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் கோவளம் முதல் கடப்பாக்கம் வரை உள்ள குப்பங்கள் இரவில் கடலுக்குப் போகின்றன.

அந்த ஒருவரை இறக்கிவிடலாம் என்பதே கப்பல் துறையில் இன்று ஓங்கி ஒலிக்கும் கருத்து. வாதம் இப்படிப் போகிறது: கப்பல் விபத்துகளில் 75 முதல் 96 விழுக்காடு மனிதத் தவறால் நேர்கின்றன, மனிதரை எடுத்துவிட்டால் தவறும் போய்விடும். ரேடார், கேமரா, லேசர் உணரி எல்லாம் சேர்ந்து மனிதக் கண்ணைவிட நன்றாகப் பார்க்கும். இயந்திரத்துக்குக் களைப்பு கிடையாது, தூக்கம் கிடையாது. ஆகவே சட்டம் வழிவிட வேண்டும். கடலில் இருக்கும் சின்னப் படகுகளும் தங்கள் இருப்பை அறிவிக்கும் கருவிகளை மாட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசி வாக்கியத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். என் மறுப்பு அந்த இடத்தைப் பற்றியதுதான். கடலின் சட்டப்படி, பார்க்க வேண்டியது கப்பலின் கடமை. அந்தக் கடமையை மெல்ல மெல்ல, தெரியும்படி இருக்க வேண்டிய படகின் கடமையாகத் திருப்பிவிடுகிறார்கள். ஆளில்லாக் கப்பலைப் பற்றிய பேச்சில் பாதுகாப்பு என்ற சொல் எத்தனை முறை வந்தாலும், உள்ளே நடப்பது இந்தக் கைமாற்றம்தான்.

இது நாளைய கதை என்று யாரும் ஒதுக்க முடியாது. நார்வேயில் யாரா பிர்க்லாண்ட் என்ற மின்கலச் சரக்குக் கப்பல் 2022 முதல் உரத் தொழிற்சாலையிலிருந்து பிரெவிக் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்கிறது. ஆட்களோடு தொடங்கி, படிப்படியாக அவர்களைக் குறைப்பதே திட்டம். ஜப்பானில் 2022-இல் சுசாகு என்ற கண்டெய்னர் கப்பல் நெரிசல் மிகுந்த டோக்கியோ விரிகுடா வழியாகத் தன்னியக்கத்தில் ஓடிக் காட்டியது. நம் நாட்டில் மாதங்கி என்ற சிறிய ஆளில்லாக் கலம் மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் சுமார் 1,500 கிலோமீட்டர் பயணத்தை 2024 அக்டோபர் 29 அன்று பாதுகாப்பு அமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். லண்டனில் இருக்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2017-இல் இந்த விவகாரத்தைக் கையில் எடுத்து, எந்தெந்த விதிகளைத் திருத்த வேண்டும் என்ற ஆய்வை 2021-இல் முடித்தது. 2026 மே மாதத்தில் கட்டாயமற்ற விதித்தொகுப்பு, அதன்பின் சில ஆண்டு அனுபவம் சேர்ப்பது, 2030-க்குள் கட்டாய விதித்தொகுப்பு, 2032 ஜனவரி 1 முதல் நடைமுறை என்பது அது வகுத்துக்கொண்ட கால அட்டவணை. இன்று மாமல்லபுரத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் படகோட்டத் தொடங்கும்போது இந்த விதிகள் அவன் தலைமேல் இருக்கும்.

முதலில் அந்த 75–96 கணக்கு. ஒரு விபத்து நடந்த பிறகு சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்து, அங்கே ஒரு மனிதர் நின்றதால் மனிதத் தவறு என்று எழுதுகிறார்கள். அதே மனிதர் அதே மேல்தளத்தில் நின்று தவிர்த்த விபத்துகளை யாரும் எழுதுவதில்லை. ஒரு மங்கலான விளக்கைக் கண்டு ஐந்து டிகிரி திரும்பிய கப்பலுக்கு விசாரணை அறிக்கை கிடையாது. தவறியதை மட்டும் எண்ணி, காத்ததை எண்ணாமல் போட்ட கணக்கு அது. அறுவை அரங்கில் நடக்கும் இறப்புகளில் பெரும்பாலானவற்றில் மருத்துவர் பக்கத்தில் இருந்தார் என்பதால் மருத்துவரை வெளியே அனுப்பலாம் என்று யாரும் சொல்வதில்லை. தவிரவும், மனிதத் தவறு என்று முத்திரை குத்தியவற்றுக்குள் போய்ப் பார்த்தால், அந்த மனிதர் பெரும்பாலும் கரையில் எடுத்த முடிவுகளின் கடைசிக் கையாக இருப்பார். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று இரண்டே அதிகாரிகளை வைத்து மாதக்கணக்கில் ஓட்டும் கப்பலில் ஒருவர் கண்ணயர்ந்தால் அந்தத் தவறு எங்கே பிறந்தது?

இதற்குச் சான்று தேடி நார்வே போக வேண்டியதில்லை. 2012 அக்டோபர் 31. நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிலைகொள்ளாமல் இழுபட்டு, பெசன்ட் நகர்க் கடற்கரையில் தரை தட்டியது. கப்பலில் 37 பேர். உயிர்காப்புப் படகில் இறங்கியவர்கள் கொந்தளிப்பில் கவிழ்ந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். கவிழ்ந்தவர்களில் பலரைக் கரைக்கு இழுத்துவந்தவர்கள் அந்தப் பகுதி மீனவர்கள். எரிபொருளும் உணவும் தட்டுப்பாடு, சம்பளம் வரவில்லை என்ற மாலுமிகளின் முறையீடு அன்றைய செய்திகளில் வந்தது. அந்த மாலை உயிர்காப்புப் படகை இறக்கியது சரியான முடிவா என்று விவாதிக்கலாம். ஆனால் அந்த மாலைக்கு முன்பு, புயல் எச்சரிக்கை வந்தபிறகும் கப்பலை அந்த நிலையில் வைத்திருந்த முடிவுகள் எல்லாம் நனையாத இடத்தில் எடுத்தவை. ஆளில்லாக் கப்பல் செய்வது என்ன? முடிவெடுப்பவர் அனைவரையும் நனையாத இடத்துக்கு மாற்றுகிறது. கப்பலுக்கு ஆபத்து என்றால் தனக்கும் ஆபத்து என்ற நிலையில் ஒருவரும் மிஞ்சுவதில்லை. புயலுக்கு முன்னால் கப்பலை ஆழ்கடலுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று கேப்டன் அடம் பிடிப்பதற்கு அவருடைய உயிரும் ஒரு காரணம். பாதுகாப்பின் பழைய அடித்தளங்களில் அதுவும் ஒன்று.

நாலேகால் ஆண்டு கழித்து, 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயு இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள், பெட்ரோலியப் பொருள் ஏற்றி உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். நம் மாவட்டம் அப்போது காஞ்சிபுரத்தோடுதான் இருந்தது. 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. காஞ்சிபுரத்தின் பெயர் தாங்கிய கப்பலின் எண்ணெய், திருவள்ளூர், சென்னைக் கரைகளை அப்பிக்கொண்டு காஞ்சிபுரம் மாவட்டக் கரைக்கும் வந்தது. இந்த விபத்தை ஆளில்லாக் கப்பலுக்கான சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நான் அதை மறுக்கப் போவதில்லை. இரண்டு பெரிய கப்பல்கள், இரண்டிலும் ரேடார், இரண்டிலும் தானியங்கி அடையாளக் கருவி, ஒன்று இன்னொன்றின் திரையில் பளிச்சென்று தெரிகிறது. இப்படிப்பட்ட நிலையில் கணினி மனிதரைவிட நன்றாகச் செயல்படலாம். ஆனால் அது கடலின் சுலபமான கணக்கு. சுலபமான கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டிக் கடினமான கணக்கிலும் தேர்ச்சி என்று சொல்லக்கூடாது.

எண்ணூரில் நான் மறக்காத செய்தி இன்னொன்று. மோதல் நடந்த அன்று கரையிலிருந்து வெளிவந்த முதல் அறிவிப்பு, சுற்றுச்சூழலுக்குச் சேதம் இல்லை என்றது. பிறகு ஏறத்தாழ 200 டன் கன எண்ணெய் கடலில் கலந்தது தெரிந்தது. மீனவர்களும் மாணவர்களும் பணியாளர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். திரைக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியாதது கரையில் நின்றவர்களின் காலில் ஒட்டியது. தொலைவிலிருந்து முடிவெடுப்பது என்ற ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள அவநம்பிக்கை கணினியைப் பற்றியது மட்டும் இல்லை.

கடினமான கணக்கு நம் கரையில் தினமும் இரவில் நடக்கிறது. கண்ணாடியிழைப் படகு ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. கட்டுமரம் இன்னும் மோசம். தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் நாலு கட்டை. கடல் கொஞ்சம் கலங்கினாலே அலை எழுப்பும் இரைச்சலில் அதன் புள்ளி திரையில் கரைந்துவிடும். அப்படியானால் கேமரா பார்க்கும் என்பார்கள். வடக்கு நோக்கிப் போகும் கப்பலுக்குக் கரை இடப்பக்கம். அங்கே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும் பங்களாக்களும் விளக்குச் சரமாக எரிகின்றன. அந்தச் சரத்துக்கு முன்னால் ஒரு பேட்டரி விளக்கு. 1904-இல் எரியத் தொடங்கிய மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கு ஒரு தாளம் இருக்கிறது, அதை இயந்திரம் கண்டுகொள்ளும். படகுக்காரர் கையில் ஆடும் டார்ச்சுக்குத் தாளம் இல்லை. விடிந்த பிறகு நிலைமை தலைகீழ்: படகுக்குக் கிழக்கே போகும் கப்பலை, சூரியன் கண்ணைக் கூசச்செய்வதால் படகுக்காரரால் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் விலகுவது முழுக்கக் கப்பலின் பொறுப்பு.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஐந்தாம் விதி எப்போதும் கண்ணாலும் காதாலும், கிடைக்கும் மற்ற எல்லா வழிகளாலும் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. கண்ணும் காதும் முதலில், கருவி பிறகு. பதினெட்டாம் விதி, இயந்திரக் கப்பல் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்கிறது. இருபத்தைந்தாம் விதி துடுப்புப் போடும் படகுக்கு ஒரு கைவிளக்கு போதும் என்கிறது. மோதல் வராமல் தடுக்கும் நேரத்தில் அதைக் காட்டினால் சரி. இரண்டாம் விதி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது: விதிகளைப் பின்பற்றினேன் என்று சொல்லித் தப்ப முடியாது, அனுபவமுள்ள கடலோடி எதைக் கவனித்திருப்பாரோ அதைக் கவனிக்கத் தவறினால் பொறுப்பு உண்டு. கையில் ஒரு டார்ச் வைத்திருக்கும் மனிதரைக் கண்டு இரண்டு லட்சம் டன் கப்பல் விலக வேண்டும் என்று உலகமே கையெழுத்திட்டு ஏற்ற சட்டம் இது. இதைவிட நாகரிகமான சட்டங்கள் நிலத்தில் அதிகம் இல்லை.

இந்த விதிகளைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார்கள். இத்தனை தூரம், இத்தனை வேகம், இத்தனை கோணம் என்று எண்ணாக மாற்றக்கூடிய பகுதியைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகு என்று எப்படித் தெரிந்துகொள்வது? படகு சும்மா நிற்கிறது. அதற்குப் பின்னால் தண்ணீருக்குள் நெடுந்தூரம் வலை ஓடுகிறது. வலையின் முடிவில் மிதவையில் குத்திய ஒரு துணிக்கொடி. கப்பல் நெருங்கினால் படகில் இருப்பவர் எழுந்து நின்று லுங்கியையோ துண்டையோ அவிழ்த்து வீசுவார். எந்தப் பக்கம் கை நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் வலை இல்லை, அப்படிப் போ என்று பொருள். சில நேரம் நேர்மாறாக, அங்கே வலை இருக்கிறது, வராதே என்று பொருள். கையின் ஆட்டத்தையும் வலை கிடக்கும் போக்கையும் காற்றையும் சேர்த்துப் பார்த்து அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாட்ச் அதிகாரி அதைப் புரிந்துகொள்வது அவரும் ஒரு மனிதர் என்பதால். படகை இடிக்காமல் சுற்றிக்கொண்டு போய் வலையை அறுத்துவிட்ட கப்பல், இயந்திரத்தின் பதிவேட்டில் வெற்றிகரமாக விலகிய கப்பல். குப்பத்தில் அது கடன் வாங்கிப் போட்ட முதல் மூழ்கிய நாள்.

இந்த இடத்துக்கு வரும்போதுதான், படகுகளே கருவி மாட்டிக்கொள்ளட்டும் என்ற யோசனை வருகிறது. கேட்க நியாயமாகத் தோன்றும். விசைப்படகுகளுக்கு அரசு டிரான்ஸ்பாண்டர் கொடுத்திருக்கிறதே, அதைச் சின்னப் படகுக்கும் கொடுத்தால் முடிந்தது என்பார்கள். செயற்கைக்கோள் வழியே பேசும் அந்தக் கருவி, ஆபத்துச் செய்தியையும் இருப்பிடத்தையும் கரையிலுள்ள மையத்துக்குச் சொல்வதற்கானது. பக்கத்தில் வரும் கப்பலோடு பேசுவதற்கானதில்லை. கப்பலுக்குத் தெரிய வேண்டுமென்றால் தானியங்கி அடையாளக் கருவி வேண்டும். பன்னாட்டுப் பயணத்தில் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு அது கட்டாயம். சின்னக் கலங்களுக்கென்று விற்கும் பி வகைக் கருவியின் திறன் பெரும்பாலும் இரண்டு வாட். இரண்டு நாட் வேகத்துக்கு மேல் ஓடினால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைச் சொல்லும். அதற்குக் கீழே வேகம் இறங்கினால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான். வலை விரித்து நிற்கும் படகின் வேகம் இரண்டு நாட்டுக்குக் கீழேதான் இருக்கும். 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் மூன்று நிமிடத்தில் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் வந்துவிடும். ஆக, படகு எப்போது அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டுமோ அப்போதுதான் கருவி குறைவாகப் பேசும். இதோடு உப்புத் தண்ணீர், செத்துப்போகும் பேட்டரி, ஒவ்வொரு முறையும் அலையில் குதித்துப் போகும் படகின் அதிர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவி தொழில்நுட்பத்தில் முன்னேறலாம், அதை ஏற்கிறேன். படகுக்காரர்களும் விரும்பி மாட்டிக்கொள்ளலாம், நல்லதுதான். என் எதிர்ப்பு அடுத்த கட்டத்துக்கு. கருவி இருந்தால் காப்பு என்பது, கருவி இல்லையென்றால் குற்றம் என்று மாற அதிக நாளாகாது. மோதிய பிறகு வழக்கு வரும். கப்பல் தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, உன் கருவி அன்று வேலை செய்ததா என்பதாக இருக்கும். இதுவரை அந்தக் கூண்டில் நின்று, நீ பார்த்தாயா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது கப்பல். தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் இருப்பவரை, தான் இருப்பதற்கு அத்தாட்சி காட்டச் சொல்வதா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மனிதர் நின்ற கப்பல்கள்தானே இத்தனை படகுகளை இடித்தன? உண்மை. 2012 மார்ச் 1 அன்று ஆலப்புழை அருகே டான் 1 என்ற படகு மோதலில் மூழ்கி ஐந்து பேர் இறந்தார்கள். 2017 ஜூன் 11 அன்று கொச்சிக்கு அப்பால் பனாமாக் கொடி பறந்த ஆம்பர் எல் என்ற கப்பல் கார்மல் மாதா என்ற படகில் மோதியது. 2018 ஆகஸ்ட் 7 அன்று முனம்பம் அருகே மூழ்கிய ஓஷியானிக் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தார். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ரபா என்ற படகில் 14 பேர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர். இவற்றைச் சொல்லும்போது எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் கோபம் எந்த முடிவுக்கு இட்டுச்செல்ல வேண்டும்? பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை என்றால், அவர் பார்க்கும்படி செய்ய வேண்டும்: மேல்தளத்தில் இரவில் ஒருவருக்கு இருவராக நிற்க வேண்டும், ஓய்வு நேரக் குறிப்பேட்டில் பொய் எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும், கரையோரக் கடலில் வேகம் குறைய வேண்டும். ஆட்குறைப்பால் வந்த நோய்க்கு முழு ஆட்குறைப்பை மருந்தாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வழக்குகளில் பிறகு நடந்ததையும் பாருங்கள். டான் 1 வழக்கில் சந்தேகத்துக்கு உள்ளான பிரபு தயா என்ற கப்பலைச் சென்னைக்கு வரவழைத்தார்கள். கேரளப் போலீஸ் இங்கே வந்து விசாரித்தது. ஆம்பர் எல்லிலும் முனம்பம் வழக்கிலும் கேப்டனையும் அதிகாரியையும் கைது செய்தார்கள். வழக்கு இழுத்தது, நீதி அரைகுறையாகக் கிடைத்தது, எல்லாம் சரி. ஆனால் ஒரு கப்பல் இருந்தது, அதில் பெயருள்ள மனிதர்கள் இருந்தார்கள், அவர்களிடம் அன்றிரவு என்ன பார்த்தீர்கள் என்று கேட்க முடிந்தது. ஆளில்லாக் கப்பலுக்கும் ஒரு கேப்டன் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கூட்டுப் பணிக்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர் கப்பலில் இருக்க வேண்டியதில்லை. அவர் எந்த நாட்டில் எந்த அறையில் இருப்பார்? ஒரே நேரத்தில் எத்தனை கப்பலைப் பார்ப்பார்? கொக்கிலமேட்டுப் படகு கவிழ்ந்தால் செங்கல்பட்டு நீதிமன்றத்தின் சம்மன் எந்தக் கதவைத் தட்டும்? மென்பொருள் எழுதியவர், உணரி செய்தவர், கப்பலின் சொந்தக்காரர், வாடகைக்கு எடுத்தவர், தொலைவிலிருந்து ஓட்டியவர் என்று பொறுப்பு ஐந்து நாட்டில் சிதறிக் கிடக்கும்போது, வலை இழந்தவர் யார் பின்னால் ஓடுவார்?

இதில் நம் மக்கள் அதிகம் அறியாத சட்ட முடிச்சு ஒன்று இருக்கிறது. கடல் சட்டம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு, நம் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்குள் அமைதியாகக் கடந்துபோகும் அயல்நாட்டுக் கப்பலின் வடிவமைப்பு, கட்டுமானம், ஆட்பலம், கருவி பற்றி நாம் தனியாகச் சட்டம் போட முடியாது என்கிறது; உலகம் பொதுவாக ஏற்ற விதிகளை நடைமுறைப்படுத்த மட்டுமே போடலாம். ஆட்பலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். லண்டனில் எழுதும் விதித்தொகுப்பு, ஆள் வேண்டாம் என்று ஏற்றுவிட்டால், மாமல்லபுரத்துக்கு நேரே ஆளோடு வா என்று நம் அரசு அந்தக் கப்பலிடம் சொல்ல முடியாது. கப்பலுக்கு அனுமதி கொடுப்பது அதன் கொடி நாடு. அந்த அனுமதியோடு வாழ வேண்டியது கரை நாடு. ஆகவே, விதி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நமக்குக் கட்டாத சோம்பல்.

இயந்திரம் தவறும்போது எப்படித் தவறுகிறது என்பதற்கு 1995 ஜூன் 10 போதும். பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்கு 1,509 பேரோடு போன ராயல் மெஜஸ்டி என்ற பயணக் கப்பலின் ஜிபிஎஸ் அலைவாங்கிக் கம்பி கழன்றுபோனது. கருவி நிற்கவில்லை; வேகத்தையும் திசையையும் வைத்து ஊகித்து இருப்பிடம் காட்டிக்கொண்டே இருந்தது. தானியங்கிச் சுக்கான் அதை நம்பியது. 34 மணி நேரத்துக்குப் பிறகு கப்பல் 17 மைல் விலகி மணல் திட்டில் ஏறி நின்றது. நோட்டக்காரர்கள் இருக்கக்கூடாத இடத்தில் விளக்குகளைக் கண்டு சொன்னார்கள். திரை சொன்னதை நம்பிய அதிகாரிகள் கண் சொன்னதைத் தள்ளினார்கள். இதையும் மனிதத் தவறு என்றே எழுதலாம். நான் படிக்கும் விதம் வேறு. தனக்குத் தெரியவில்லை என்பதே அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அந்தக் கப்பலில் உண்மையைச் சொன்னவை இரண்டு ஜோடிக் கண்கள். அந்தக் கண்களையும் எடுத்துவிட்டு, திரையை மட்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் முன்னால் வைக்கிறார்கள்.

2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் பாலத்தில் மோதிய டாலி கப்பலை உலகமே பார்த்தது. ஒரு கம்பி இணைப்பு தளர்ந்து மின்சாரம் போனது. கப்பலில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். இயந்திர அறையில் கைகள் மின்சாரத்தை மீட்டன, மறுபடி போனது. பைலட் நங்கூரம் இறக்கச் சொன்னார், கரைக்குத் தகவல் சொன்னார். பாலத்துக்கு வரும் வண்டிகளைப் போலீஸ் நிறுத்தியது. பாலத்தில் வேலை செய்த ஆறு பேர் இறந்தார்கள். அந்தச் சில நிமிடங்களில் மனிதர்கள் எடுத்த முடிவுகள் இல்லையென்றால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும்? அட்லாண்டிக்கைத் தாண்டப் புறப்பட்ட மேஃப்ளவர் என்ற ஆளில்லாக் கலம் 2021-இல் சில நாளிலேயே இயந்திரக் கோளாறால் திரும்பியது. 2022-இல் அசோர்ஸ் தீவில் பழுது பார்த்து, பிறகு திசைமாறிக் கனடாவுக்குப் போக வேண்டியிருந்தது. மூளை நன்றாக இருந்தும் உடம்பு படுத்துக்கொண்டது. அது சின்னக் கலம் என்பதால் யாருக்கும் தீங்கில்லை.

ஆளில்லாத கப்பலில் மாலுமி சாகமாட்டார் என்பார்கள். 2025 ஜூன் 9 அன்று கேரளத்துக்கு அப்பால் தீப்பிடித்த வான் ஹாய் 503-இல் நான்கு மாலுமிகள் காணாமல் போனார்கள். அவர்கள் அங்கே இல்லாதிருந்தால் என்று எவரும் நினைப்பார்கள், நானும் நினைக்கிறேன். ஆனால் எரியும் அந்தக் கப்பலைக் கரையிலிருந்து விலக்கி இழுப்பதற்கு ஹெலிகாப்டரிலிருந்து மனிதர்கள் அதன் தளத்தில் இறங்கிக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. நம் கரையில் அப்படி ஒன்று மிதந்து வந்தால், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் இரண்டு ஆலைகளின் வாய் அங்கே திறந்திருக்கிறது. அதற்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீரை எடுக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் மாமல்லபுரம்.

ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது கேப்டனின் சட்டக் கடமை. ஒக்கிப் புயலில் கவிழ்ந்த படகுகளைப் பிடித்துக்கொண்டு மிதந்த குமரி மீனவர்களில் சிலரைத் தூக்கிக் கரை சேர்த்தவை வழியில் போன வணிகக் கப்பல்கள். ஏணி போட ஒருவர், கயிறு வீச ஒருவர், தண்ணீர் கொடுக்க ஒருவர் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். ஆளில்லாக் கப்பல் ஆபத்துச் செய்தியைக் கரைக்கு அனுப்பும் என்கிறார்கள். தண்ணீரில் மூன்று நாள் கிடந்தவருக்குத் தேவை ஒரு கை.

நான் கருவிக்கு எதிரி இல்லை. இரவில் வெப்பத்தை உணர்ந்து படகைக் காட்டும் கேமரா, மோதல் வரும் என்று எச்சரிக்கும் மென்பொருள் எல்லாம் ஒவ்வொரு கப்பலின் மேல்தளத்திலும் நாளைக்கே வரட்டும், அங்கே நிற்கும் மனிதருக்குத் துணையாக. சிறுபடகுகள் தொழில் செய்யும் கடலில் ஆள் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பது கட்டாய விதித்தொகுப்பில் எழுத்தாக வர வேண்டும். படகில் கருவி இல்லை என்பது கப்பலுக்குச் சாக்காக ஆகக்கூடாது என்று அதில் தனியாகச் சொல்ல வேண்டும். கடந்துபோகும் கப்பலைக் கட்டுப்படுத்த முடியாவிட்டாலும், நம் துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கு நிபந்தனை விதிக்க நமக்கு உரிமை இருக்கிறது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளிக்கு வரும் எந்தத் தன்னியக்கக் கப்பலுக்கும் இந்திய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்ட, பெயருள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும், வலை அறுந்தால் கப்பல்தான் தன்மேல் தவறில்லை என்று காட்ட வேண்டும் என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் இப்போதே எழுதலாம்.

2030 வரையிலான காலத்தை அனுபவம் சேர்க்கும் காலம் என்கிறார்கள். யாருடைய அனுபவம் என்று இந்தியா அங்கே கேட்க வேண்டும். நார்வேயின் கடற்கழியிலும் ஜப்பானின் விரிகுடாவிலும் சேர்த்த அனுபவம் நமக்குப் போதாது. கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நேரே, மார்கழி மாதத்து அமாவாசை இரவில், மேல்தளத்தில் தேர்ந்த கேப்டன் தயாராக நிற்க, சோதனைக் கப்பலைத் தன்னியக்கத்தில் ஓட்டுங்கள். எதிரே அடையாளக் கருவி இல்லாத ஃபைபர் படகுகளும் ஒரு கட்டுமரமும் வலை விரித்து நிற்கட்டும். தேர்ச்சியா இல்லையா என்று முடிவு செய்யும் மேசையில், அன்றிரவு அந்தப் படகுகளில் இருந்தவர்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போடட்டும். தையூரிலும் உத்தண்டியிலும் கானத்தூரிலும் இருக்கும் கடல்சார் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு இதைச் செய்யக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.